படிக்கிறதுக்கு ஒரு கூட்டாளி வேணும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "புத்தகம் படிக்கிறது சம்பந்தமா என்ன வேணும்னாலும் கேளுங்க"ன்னு ஒரு வரி போட்டிருந்தோம். வந்த லெட்டர், மெயில், வாட்ஸ்அப் எல்லாத்தையும் உக்காந்து படிச்சேன், பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், முன்ன மாதிரி படிக்க முடியலங்கற வருத்தம். அதனால அதுலேர்ந்தே ஆரம்பிக்கறேன். பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டதால எல்லாருக்கும் ஊர் மட்டும்.

ஸ்கூல் படிக்கறப்ப ராத்திரி முழுக்க கதைப் புத்தகம் படிச்சு அம்மாகிட்ட திட்டு வாங்கினவ நான். இப்ப வயசு 43. ரெண்டு பக்கம் தாண்ட மாட்டேங்குது, கை தானா போனுக்கு போகுது. எனக்கு என்னதான் ஆச்சு?
வாசகி, தென்காசி

உங்க மூளைக்கு ஒண்ணும் ஆகலம்மா, அந்த பயம் முதல்ல வேணாம். போனுக்கு இதுல பங்கு இருக்கு, இல்லன்னு சொல்லல, படிக்க உக்காரும்போது அத வேற ரூம்ல சார்ஜ்ல போட்டுட்டு வந்துடுங்க, போன் பத்தி அவ்வளவுதான். நான் சொல்ல நினைக்கிறது வேற. நீங்க ஸ்கூல் படிச்ச காலத்துல வீட்டுல படிப்பு எப்படி நடந்துச்சுன்னு கொஞ்சம் யோசிச்சு பாருங்க. வார இதழ் வந்தா யாரு முதல்ல எடுக்கறதுன்னு சண்டை நடக்கும். அக்கா தொடர்கதைய முடிச்சுட்டு கைமாத்தும்போதே "இந்த வாரம் என்ன ஆச்சு தெரியுமா"ன்னு ஆரம்பிப்பா, சொல்லாதடின்னு காத பொத்திக்கணும். பக்கத்து வீட்டு அத்தையும் அதே தொடரத்தான் படிப்பாங்க, தண்ணி புடிக்கற இடத்துல குடம் நிறைஞ்சு வழியற வரைக்கும் அந்த பொண்ணு புருஷன விட்டுட்டு வந்தது சரியா தப்பான்னு பேச்சு ஓடும். தொடர் முடிஞ்சதும் பக்கத்த எல்லாம் கிழிச்சு சேத்து பைண்டிங் கடையில குடுத்து கெட்டி அட்டை போட்டு வச்சுப்பாங்க, அந்த பைண்டு புக்கு சொந்தக்காரங்க வீடு வீடா ஒரு சுத்து சுத்திட்டு ஓரம் மடங்கி திரும்பி வரும், சிலது வரவே வராது. வாடகை நூலகம் இருந்த ஊர்ல சைக்கிள்ல பத்திரிகை கொண்டு வர்ற அண்ணன் ஒருத்தர் இருப்பாரு, நீங்க கேக்காமயே "இத படிச்சீங்களா"ன்னு ஒண்ண எடுத்து நீட்டுவாரு. கிளாஸ்ல பாடப் புத்தகத்துக்குள்ள மறைச்சு வச்சு படிச்ச பாக்கெட் நாவல்கூட அடுத்த பெஞ்சுலேர்ந்து வந்ததுதானே.

அதாவது அப்ப நீங்க தனியா படிக்கல. படிக்கிற நேரத்துல பக்கத்துல யாரும் இல்லாம இருந்திருக்கலாம், ஆனா முடிச்சதும் பேச ஆள் இருந்துச்சு, நீங்க எப்ப முடிப்பீங்கன்னு காத்துக்கிட்டு இன்னொருத்தர் இருந்தாங்க. இப்ப ஒரு நல்ல கதை படிச்சா யார்கிட்ட போய் சொல்றது? வீட்டுல யாரும் படிக்கல, ஆபீஸ்ல வெப்சீரிஸ் பேச்சுதான். பேச ஆள் இல்லாத எந்த சந்தோஷமும் மெல்ல மெல்ல மங்கிடும், அதுக்கு உங்கள நீங்களே சோம்பேறின்னு திட்டிக்கறதுல எந்த நியாயமும் இல்ல.

அதனால முதல்ல ஆள தேடுங்க, புத்தகம் அப்புறம். பழைய ஸ்கூல் ஃப்ரெண்டு, நாத்தனார், மேல் வீட்டு டீச்சர், ஒருத்தர் போதும். ரெண்டு பேரும் ஒரே புத்தகத்த எடுங்க, ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் போன்ல பேசுங்க. ஆரம்பத்துக்கு புதுசா ஒண்ணும் வேணாம், அந்த வயசுல நீங்க உயிரா படிச்ச ஒண்ணையே திரும்ப எடுங்க. எந்த கதையிலயும் முதல் பத்து பதினஞ்சு பக்கம் கொஞ்சம் கஷ்டம்தான், யார் யாரு, எந்த ஊரு, யாருக்கு யாரு என்ன உறவுன்னு மனசு எல்லாத்தையும் புதுசா கட்டணும், நீங்க ரெண்டு பக்கத்துல கீழ வைக்கிறது சரியா அந்த கஷ்டமான இடத்துல. ஏற்கனவே தெரிஞ்ச கதைன்னா அந்த வேலை பாதி முடிஞ்சிருக்கும். முப்பது பக்கம் தாண்டியும் பிடிக்கலன்னா மூடி வச்சுட்டு வேற எடுங்க, யாரும் பரீட்சை வைக்கப் போறதில்ல.

பையனுக்கு 9 வயசு. புத்தகக் கண்காட்சியில 3,000 ரூபாய்க்கு வாங்கி குடுத்தேன், அப்படியே அடுக்குல இருக்கு. தமிழ் புத்தகம்னா தொடவே மாட்டேங்கறான். யூடியூப் மட்டும்தான்.
வாசகர், ஓசூர்

அவன் கண் முன்னாடி நீங்க கடைசியா எப்ப புத்தகம் எடுத்தீங்க சார்? குத்திக் காட்ட கேக்கல, பதிலே அதுக்குள்ளதான் இருக்கு. புத்தகம் இருக்கற வீட்டுல வளர்ற பசங்கள பத்தி 27 நாட்டு தகவல வச்சு ஒரு பெரிய ஆய்வு 2010-ல வந்துச்சு, 70,000 பேருக்கு மேல. புத்தகம் நிறைய இருந்த வீட்டுல வளர்ந்தவங்க புத்தகமே இல்லாத வீட்டுல வளர்ந்தவங்கள விட சராசரியா மூணு வருஷம் கூடுதலா படிச்சிருக்காங்க, அப்பா அம்மா படிப்பு, வேலை எல்லாத்தையும் கணக்குல எடுத்த பிறகும். ஆனா இத கேட்டுட்டு இன்னொரு 3,000 ரூபாய்க்கு வாங்கி அடுக்கிடாதீங்க. அந்த வீடுகள்ல புத்தகம் சும்மா அலமாரியில நிக்கல, பெரியவங்க எடுத்தாங்க, படிச்சாங்க, சாப்பிடும்போது அதப்பத்தி பேசினாங்கன்னுதான் நான் புரிஞ்சுக்கறேன்.

தமிழ தொடாததுக்கு காரணம் வெறுப்பு இல்லன்னு நினைக்கிறேன். இங்கிலீஷ் மீடியம் பசங்க நிறைய பேருக்கு தமிழ்ல எழுத்துக் கூட்டி படிக்கிற வேகம் ரொம்ப கம்மி, வாக்கியம் முடியறதுக்குள்ள ஆரம்பம் மறந்துடும், அப்படி படிச்சா எந்த கதைதான் ருசிக்கும்? அதனால நீங்க படிங்க, அவன் கேக்கட்டும். ஒம்போது வயசுக்கு கதை படிச்சு காட்டறது சின்னப்புள்ளத்தனம்னு நினைக்காதீங்க, பன்னெண்டு வயசு வரைக்கும்கூட தாராளமா செய்யலாம். ராத்திரி பதினஞ்சு நிமிஷம், நல்ல இடத்துல நிறுத்திடுங்க, மிச்சத்த நாளைக்குன்னு சொல்லிட்டு புத்தகத்த அவன் தலைமாட்டுலயே வச்சுட்டு வந்துடுங்க.

காமிக்ஸ் கேட்டா மறுக்காதீங்க. சிவகாசியிலேர்ந்து 1972-ல முத்து காமிக்ஸ், 1984-ல லயன் காமிக்ஸ் ஆரம்பிச்சாங்க, அந்த மாயாவி கதையையும் கௌபாய் கதையையும் படிச்சு தமிழ் வாசிப்புக்குள்ள வந்தவங்க எத்தனையோ பேர், இப்ப ஐம்பது வயசு தாண்டியும் வாங்கிட்டு இருக்காங்க. அடுத்த தடவ கண்காட்சிக்கு போகும்போது புத்தகத்த அவனே தேர்வு பண்ணட்டும், காசும் அவன் சேத்த காசா இருந்தா இன்னும் நல்லது. ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு ஸ்கூல் பசங்களுக்கு முன்கூட்டியே உண்டியல் குடுத்து சேத்துக்கிட்டு வரச் சொல்ற வழக்கம் உண்டு, எனக்கு ரொம்ப பிடிச்ச ஏற்பாடு அது. தான் சேத்த காசுல வாங்கினத எந்த பிள்ளையும் பிரிக்காம வைக்காது.

குரூப் 2-க்கு படிக்கறேன். காலையில லைப்ரரி போனா சாயங்காலம்தான் வெளிய வருவேன். நடுவுல ஒரு சிறுகதை எடுத்தாகூட குற்ற உணர்ச்சியா இருக்கு. வீட்டுலயும் "வேலை கிடைச்சப்புறம் அதெல்லாம் படிச்சுக்கோ"ங்கறாங்க.
வாசகர், திருவண்ணாமலை

தம்பி, வீட்டுல சொல்றவங்க மேல கோபம் வேணாம், அவங்க கவலை அவங்களுக்கு. ஆனா வேலை கிடைச்சப்புறம்ங்கறத நான் ஏத்துக்க மாட்டேன், வேலை கிடைச்சவங்க எனக்கு எழுதற லெட்டர்தான் முதல் கேள்வியா மேல இருக்கு. நாள் முழுக்க வருஷத்தையும் சட்டப் பிரிவையும் மனசுல ஏத்தற ஆளுக்கு, யாரும் கேள்வி கேக்காத ஒரு அரை மணி நேரம் வேணும். மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து தூக்கம் சொக்கற அந்த ரெண்டு மணி வாக்குல எப்படியும் பாடம் ஏறாது, அப்ப ஒரு சிறுகதைய எடுங்க. அது மார்க் வாங்கித் தருமான்னு நான் சொல்லப் போறதில்ல, உங்களுக்கு அந்த அரை மணி நேரம் நல்லா இருக்கும், அது போதாதா?

இன்னொண்ணு, நீங்க உக்காந்திருக்கற அந்த லைப்ரரி யாரோ போட்ட தானம் இல்ல. 1948-லயே சென்னை மாகாணத்துல பொது நூலகச் சட்டம் வந்துச்சு, சுதந்திர இந்தியாவுலயே முதல் நூலகச் சட்டம் அதுதான். வீட்டு வரி ரசீத எடுத்து பாருங்க, நூலக வரின்னு தனியா ஒரு தொகை இருக்கும், சொத்து வரியில பத்துல ஒரு பங்கு. இன்னைக்கு தமிழ்நாட்டுல 4,000-க்கும் மேல பொது நூலகம் இருக்குன்னா அந்த காசும் அதுல இருக்கு. உங்க வீட்டு காசுல வாங்கின கதைப் புத்தகம் அங்க இருக்கு, அத எடுக்க உங்களுக்கு என்ன குற்ற உணர்ச்சி?

இந்த சட்டத்துக்கு பின்னாடி பல வருஷம் போராடினவர் சீர்காழியில பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியார் அவரு. 1924-ல சென்னைப் பல்கலைக்கழகத்துல நூலகரா சேந்தப்ப அந்த வேலையே பிடிக்கல, காலேஜுக்கே திரும்பிப் போறேன்னு கேட்டிருக்காரு. லண்டன் போய் அங்க தெருவுக்குத் தெரு நூலகம் எப்படி ஜனங்களோட கலந்து கிடக்குன்னு பாத்த பிறகுதான் மனசு மாறிச்சு. 1931-ல அவர் எழுதின அஞ்சு விதியில முதல் விதி, புத்தகம் பயன்படுத்தறதுக்குத்தான். இப்ப கேக்க சாதாரணமா தெரியும், அந்த காலத்துல புத்தகத்த பூட்டி காப்பாத்தறதுதான் நூலகர் வேலைன்னு இருந்துச்சு, அவரு வாசகரையே அலமாரிகிட்ட போக விட்டாரு. ரெண்டாவது விதி ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், மூணாவது ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர். அந்த கதைப்பகுதி அலமாரியில யாரும் தொடாம நிக்கிற ஒரு புத்தகம் உங்களுக்கானதா இருக்கலாம், போய் பாருங்க தம்பி.

வயசு 68. கண்புரை ஆபரேஷன் ஆச்சு. இருபது நிமிஷம் படிச்சா எழுத்து குதிக்குது. பொண்ணு போன்ல ஒலிப்புத்தகம் போட்டு குடுத்திருக்கா. இதெல்லாம் படிச்ச கணக்குல வருமா?
வாசகர், கும்பகோணம்

கண்டிப்பா வரும் அய்யா. கண்ணால மட்டும் படிக்கிறதுங்கறதே நமக்கு புதுப் பழக்கம்தான். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுல நாள் கணக்கா பாரதம் படிப்பாங்க, ஒருத்தர் படிக்க ஊரே உக்காந்து கேக்கும், விராட பருவம் படிச்சா மழை வரும்னு ஒரு நம்பிக்கைகூட உண்டு. கேட்டவங்கள்ல எழுதப் படிக்கத் தெரியாதவங்க நிறைய பேர் இருந்திருப்பாங்க, ஆனா அந்த கதையோட சந்து பொந்தெல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. அப்புறம் திராவிட இயக்க படிப்பகங்கள்லயும் டீக்கடையிலயும் ஒருத்தர் பேப்பர சத்தமா படிக்க, சுத்தி நிக்கிறவங்க கேட்டு அரசியல் பேசினாங்க. அந்த வரிசையிலதான் உங்க ஒலிப்புத்தகமும் வருது.

ஆபரேஷன் முடிஞ்சு சில வாரம் கழிச்சு படிக்கிற கண்ணாடி பவர் மறுபடி பாக்கணும், பழைய கண்ணாடியையே போட்டுக்கிட்டு சிரமப்படறவங்க நிறைய, உங்க டாக்டர்கிட்ட ஒரு தடவ கேட்டுடுங்க. டேப்லெட்ல எழுத்த பெருசாக்கி படிக்கிறதும் நல்ல வழி. பேரப்பிள்ளை பக்கத்துல இருந்தா தினம் ரெண்டு பக்கம் உங்களுக்கு படிச்சு காட்டச் சொல்லுங்க, உங்களுக்கு கதை, அந்தப் பிள்ளைக்கு தமிழ். ஓசூர்க்காரருக்கு சொன்னதும் இதுவும் ஒரே வைத்தியம்தான்.

பிடிஎஃப்ல படிக்கலாமா, தாள்ல படிக்கணுமா? வாட்ஸ்அப் குரூப்ல தினம் பத்து பிடிஎஃப் வருது.
வாசகி, கோயம்புத்தூர்

ரெண்டு கேள்வி இது. திரையா தாளாங்கறதுக்கு 2018-ல 54 ஆய்வ ஒண்ணா சேத்து பாத்தாங்க, மொத்தம் 1,70,000 பேருக்கு மேல. தகவல், விளக்கம் மாதிரி விஷயத்த தாள்ல படிச்சவங்களுக்கு கொஞ்சம் கூடுதலா புரிஞ்சிருக்கு, முக்கியமா அவசரத்துல படிக்கும்போது. கதைக்கு அந்த வித்தியாசம் தெரியல. அதனால கதைய எதுல வேணும்னாலும் படிங்க, மண்டைய குடைஞ்சு படிக்க வேண்டியத தாள்ல படிங்க.

வாட்ஸ்அப் பிடிஎஃப் விஷயத்துல நான் கொஞ்சம் கடுமையாவே சொல்றேன். இன்னைக்கு தமிழ்ல நிறைய புத்தகம் முதல் பதிப்பே சில நூறு பிரதிதான் அடிக்கறாங்க. உயிரோட இருக்கற எழுத்தாளரோட புத்தகத்த ஸ்கேன் பண்ணி ஐநூறு பேர் இருக்கற குரூப்ல போட்டா, அந்த பதிப்பாளர் அடுத்த புத்தகத்துக்கு கைய வைக்க யோசிப்பாரு, கடைசியில நமக்குத்தான் படிக்க ஒண்ணும் இருக்காது. சட்டப்படி இலவசமா கிடைக்கறதே ஆயுசுக்கும் தீராது. எழுத்தாளர் காலமாகி 60 வருஷம் ஆனா அந்த எழுத்து பொதுச்சொத்து. அதுக்கு மேல தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கினவங்களே நூறு பேருக்கு மேல. 1998 பொங்கல்லேர்ந்து மதுரைத் திட்டம்னு உலகம் பூரா இருக்கற தன்னார்வலர்கள் சங்க இலக்கியத்துலேர்ந்து தட்டச்சு பண்ணி ஏத்தி வச்சிருக்காங்க, தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம் இருக்கு, ஈழத்துப் புத்தகம், பத்திரிகைக்கு 2005-லேர்ந்து நூலகம்னே ஒரு மின்னூலகம் இருக்கு. அந்த லிங்க்க உங்க குரூப்ல போடுங்க.

தாத்தாவோட பழைய புத்தகம் நாலு டிரங்குப் பெட்டி இருக்கு. வீட்ட இடிச்சு கட்டப் போறோம். பழைய பேப்பர் கடைக்காரர் வந்து பாத்துட்டு போனாரு.
வாசகர், திருச்செங்கோடு

தயவுசெஞ்சு அவருக்கு போடாதீங்க, கொஞ்ச நாள் பொறுங்க! காரைக்குடி பக்கம் கோட்டையூர்ல ரோஜா முத்தையான்னு ஒருத்தர் இருந்தாரு, விளம்பரப் பலகை எழுதற ஓவியர். பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் மத்தவங்க குப்பைன்னு தூக்கிப் போட்டத எல்லாம் தேடித் தேடி சேத்தாரு. அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்த சேகரிப்ப வாங்கி, வெளிநாட்டுக்கு எடுத்துட்டு போகாம 1994-ல சென்னையிலயே நூலகமா ஆக்கிச்சு, அதுதான் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். தமிழ் அச்சு வரலாறு பத்தி ஆராய்ச்சி பண்ற யாரும் இன்னைக்கு அங்க போகாம இருக்க முடியாது. புதுக்கோட்டையில ஞானாலயான்னு ஒரு ஆசிரியர் தம்பதி சொந்தக் காசுல சேத்த நூலகம் இருக்கு, முதல் பதிப்பா பாத்து பாத்து சேத்தது.

பெட்டிய திறந்து ஒவ்வொண்ணா பேர், ஆசிரியர், பதிப்பகம், வருஷம் மட்டும் ஒரு நோட்டுல எழுதுங்க, முகப்புப் பக்கத்த போன்ல போட்டோ எடுங்க. முக்கியமா, மெல்லிசா இருக்கறத அலட்சியமா விட்டுடாதீங்க, பெரிய புத்தகம் எங்கயாவது கிடைச்சுடும், எட்டு பக்க பாட்டுப் புத்தகமும் ஊர் சங்கத்து ஆண்டறிக்கையும் போனா போனதுதான். அந்தப் பட்டியல இப்படிப்பட்ட நூலகங்களுக்கு அனுப்புங்க, எது வேணும்னு அவங்களே சொல்வாங்க. மிச்சத்த கிளை நூலகத்துலயோ பள்ளிக்கூடத்துலயோ கேட்டுட்டு குடுங்க. தாத்தா ஓரத்துல ஏதாவது எழுதி வச்சிருந்தா அந்தப் புத்தகத்த மட்டும் வீட்டுலயே வச்சுக்குங்க.

புத்தகத்துல அடிக்கோடு போடலாமா?
வாசகி, நாகர்கோவில்

சொந்தப் புத்தகம்னா பென்சில்ல தாராளமா போடுங்க. லைப்ரரி புத்தகத்துல ஒரு புள்ளிகூட வேணாம்.

வாங்கின புத்தகம் படிக்காம குவிஞ்சு கிடக்கு. புதுசு வாங்கறத நிறுத்திடவா?
வாசகர், விழுப்புரம்

கடன் வாங்கி வாங்கலன்னா நிறுத்த வேணாம். புத்தகத்துக்கு கெட்டுப் போற தேதி கிடையாது, உங்களுக்கு அது தேவைப்படற வயசு இன்னும் வராம இருக்கலாம். ரெண்டு வருஷமா கண்ணே போகாதத மட்டும் யாருக்காவது குடுத்துடுங்க.

எங்க கிராமத்துல லைப்ரரி பூட்டியே கிடக்கும். நாலஞ்சு பேர் சேந்து ஏதாவது பண்ணலாம்னு பேசிட்டு இருக்கோம். எப்படி ஆரம்பிக்கறது?
வாசகர், மன்னார்குடி பக்கம்

உங்க ஊர் பக்கத்துலேர்ந்து இந்தக் கேள்வி வந்தது எனக்கு அவ்வளவு சந்தோஷம். 1931-ல உங்க மன்னார்குடியிலதான் கனகசபைப் பிள்ளைங்கற ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருத்தர் மாட்டு வண்டியில புத்தகத்த ஏத்தி சுத்துப்பட்டு கிராமத்துக்கு எல்லாம் அனுப்பினாரு, அத தொடங்கி வச்சதும் மேல சொன்ன ரங்கநாதன்தான். வண்டி வந்தா படிச்சத குடுத்துட்டு புதுச எடுத்துப்பாங்க.

முதல் வேலை, பூட்டின லைப்ரரிய விட்டுடாதீங்க. பஞ்சாயத்துலயும் மாவட்ட நூலக அலுவலகத்துலயும் எழுத்துல மனு குடுங்க, எத்தனை பேர் உறுப்பினரா சேர தயாரா இருக்கீங்கன்னு கையெழுத்தோட குடுத்தா அந்த மனுவுக்கு கனம் வரும். அரசு நூலகங்கள்ல வாசகர் வட்டம்னு ஒரு ஏற்பாடு இருக்கு, கதவு திறந்ததும் நீங்க நாலஞ்சு பேரும் அதுல சேந்துடுங்க.

அது நடக்கற வரைக்கும் காத்திருக்கவும் வேணாம். ஆளுக்கு அஞ்சு புத்தகம் போட்டா ஆரம்பத்துக்கு தாராளம், டீக்கடையோ சலூனோ ஜனம் எப்படியும் உக்கார்ற இடத்துல ஒரு தட்டு கேளுங்க. தூத்துக்குடியில ஒரு சலூன்காரர் கடையிலயே நூலகம் வச்சு, படிக்கிறவங்களுக்கு முடிவெட்டற கட்டணத்துல தள்ளுபடி குடுக்கறாரு, பிரதமர் பேச்சு வரைக்கும் அது போச்சு. யாரு எத எடுத்துட்டு போறாங்கன்னு ஒரு நோட்டு வைங்க, திரும்பி வராததுக்கு யார்கிட்டயும் கடுமை காட்டாதீங்க, பத்துல ரெண்டு போகும்னு முதல்லயே மனசுல வச்சுக்குங்க. மாசம் ஒரு தடவ கூடுங்க. படிச்சுட்டு வந்தாத்தான் வரணும்னு சட்டம் போட்டா மூணாவது மாசம் நீங்க நாலு பேர்தான் இருப்பீங்க, அதனால அங்கயே ஒரு சிறுகதைய யாராவது சத்தமா படிங்க, இருபது நிமிஷம், அப்புறம் பேச்சு. பொம்பளைங்க வர்ற மாதிரி நேரத்த வைங்க, சாயங்காலம் ஏழு மணின்னா அவங்க அடுப்படியில இருப்பாங்க, ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணி சரியா வரும். முதல் கூட்டம் முடிஞ்சதும் எனக்கு ஒரு லெட்டர் போடுங்க, என்ன கதை படிச்சீங்க, யாரு என்ன சொன்னாங்கன்னு, அடுத்த இதழ்ல போடறேன்.